கயிற்றில் ஒட்டிக்கொண்ட வெளிச்சம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கும் மணல் கடலில் பிறந்ததல்ல, மலையில் பிறந்தது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தபோது, பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறைகளுக்குள் தேன் நிறத்தில் பொடிப் படிகங்கள் உருவாயின. அந்தப் பாறைகள் மேலெழுந்து மலைகளாயின. மழை அவற்றை அரித்தது. வள்ளியாறும் குழித்துறையாறும் அந்தப் பொடியைச் சுமந்துவந்து கடலில் கொட்டின. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடியில் கடல் அதை வாரிக் கரைக்கே திருப்பி எறிந்தது. அலை ஏறும்போது எல்லா மணலும் சேர்ந்து ஏறியது. இறங்கும்போது எடை குறைந்த வெள்ளை மணல் மட்டும் அலையோடு போனது. கனத்த மணல் கரையிலேயே தங்கிவிட்டது. இப்படியே ஆயிரமாயிரம் ஆடி மாதங்கள் கழிந்தன. கடல் சலித்து வைத்த அந்த மணலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் ஆள் வரவில்லை.

அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அந்தக் கரை நெடுக மதிப்பாகப் பேசப்பட்ட சரக்கு வேறு. தேங்காய் உரித்த கதம்பையைக் காயலிலும் பொழியிலும் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, பதமாக அழுகியதும் எடுத்து அடித்து, நாரைப் பிரித்துப் பெண்கள் கயிறு திரித்தார்கள். நார் காய்ந்தது மணலில். கயிறு கிடந்ததும் மணலில். கட்டு கட்டாகக் கப்பலேறியபோது, சரியாகச் சுத்தம் செய்யாத கயிற்றின் முறுக்குகளுக்குள் கொஞ்சம் மணலும் ஒளிந்துகொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. உதறிக் கொட்ட வேண்டிய குப்பை அது. ஆனால் அந்தக் குப்பைக்காகவே காத்திருந்ததுபோல, கதையின் இன்னொரு நுனி ஸ்வீடனில் ஒரு தவறோடு எப்போதோ தொடங்கியிருந்தது.

ஸ்டாக்ஹோமில் இருந்த யான்ஸ் ஜேக்கப் பெர்சீலியஸ் அக்கால வேதியியலின் பெரிய தலை. 1815-ல் ஒரு கனிமத்தை ஆராய்ந்து, புதிய தனிமத்தின் மண் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். வட ஐரோப்பியப் புராணங்களில் இடிக்குத் தெய்வமான தோரின் பெயரையே அதற்கு வைத்தார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அது புதிதே அல்ல. ஏற்கெனவே தெரிந்திருந்த இட்ரியத்தின் பாஸ்பேட். தாமே முன்வந்து அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வைத்த பெயர் மட்டும் உரிமையாளர் இல்லாமல் கிடந்தது. 1828-ல் நார்வேயின் லோவோயா தீவில் எஸ்மார்க் என்ற பாதிரியார் கறுப்பான, வழக்கத்துக்கு மாறாகக் கனத்த ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அவருடைய தந்தை கனிமவியல் பேராசிரியர். அவருக்கும் அது என்ன கல் என்று பிடிபடவில்லை. கல் ஸ்டாக்ஹோமுக்கே போனது. இம்முறை உண்மையாகவே புதுத் தனிமம்! பெர்சீலியஸ் சும்மா கிடந்த பழைய பெயரை எடுத்து அதற்கே சூட்டினார்: தோரியம். 1829-ல் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தோரியத்தை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. ஆய்வகக் கண்ணாடிக் குப்பிகளில் தூசி படிந்து உட்கார்ந்திருந்த அதை வெளியே எடுக்க, வெளிச்சப் பஞ்சம் ஒன்று தேவைப்பட்டது.

வியன்னாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக், ஹைடல்பெர்க்கில் புன்சனிடம் படித்தவர். எல்லாப் பள்ளி ஆய்வகங்களிலும் நீலச் சுடர் விடும் பர்னருக்குப் பெயர் தந்த அதே புன்சன்தான். சுடரில் உப்பைக் காட்டி, வரும் ஒளியின் நிறத்தை வைத்துத் தனிமத்தை அடையாளம் காண்பது அங்கே அன்றாட வேலை. அருமண் தனிமங்களின் உப்பை அப்படிக் காட்டியபோது ஒளி போதவில்லை. அதிக உப்பைச் சுடரில் நிறுத்த வேண்டும் என்று யோசித்த அவர், பருத்தி நூலை உப்புக் கரைசலில் நனைத்துக் காயவைத்துக் கொளுத்தினார். நூல் எரிந்து போயிற்று. ஆனால் நூலின் வடிவம் போகவில்லை! பருத்தி இருந்த இடத்தில், இழை மாறாமல், வெள்ளைச் சாம்பலால் ஆன ஒரு கூடு நின்றது. அது சுடரின் சூட்டில் கண்கூசும்படி ஒளிர்ந்தது.

அப்போதைய ஐரோப்பிய நகரங்களின் தெருக்களும் வீடுகளும் நிலக்கரி வாயு விளக்குகளால் வெளிச்சம் பெற்றன. சுடரில் இருக்கும் கரித்துகள் சூடேறித் தருகிற மஞ்சள் வெளிச்சம்தான் அது, அழுது வடியும். எடிசனின் மின்விளக்கு 1879-லேயே வந்துவிட்டதால் வாயு கம்பெனிகள் கதிகலங்கிப் போயிருந்தன. வெல்ஸ்பாக்கின் சாம்பல் கூடு அவர்களுக்குக் கிடைத்த கடைசித் துடுப்பு. 1885-ல் காப்புரிமை வாங்கினார். மக்னீசியம், லாந்தனம், இட்ரியம் மூன்றின் ஆக்சைடுகளைக் கலந்த கூடு. தொழிற்சாலையும் தொடங்கினார்கள். ஆனால் விளக்கின் ஒளி பச்சையடித்தது. அதன் அடியில் உட்கார்ந்தவர்கள் நோயாளிகள்போலத் தெரிந்தார்கள். கூடோ தொட்டால் நொறுங்கியது. விலையும் அதிகம். சில ஆண்டுகளில் தொழிற்சாலை மூடப்பட்டது. பணம் போட்டவர்கள் தலையில் கைவைத்துக்கொள்ள, அவர் மட்டும் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை.

அவர் கையில் இருந்த அடுத்த துருப்புச் சீட்டு தோரியம். அதன் ஆக்சைடு உருகுவதற்கு 3,300 டிகிரிக்கும் மேல் வேண்டும். வேறெந்த ஆக்சைடும் அவ்வளவு சூட்டைத் தாங்காது. அதில் செய்த கூடு அருமையாக ஒளிர்ந்தது. இன்னும் சுத்தமான தோரியம் என்றால் இன்னும் நல்ல வெளிச்சம் வரும்தானே? அவர் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார். சுத்தமாக ஆக ஆக, வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது! முற்றிலும் தூய்மையான தோரியம் கிட்டத்தட்ட ஒளிரவே இல்லை. எந்த விஞ்ஞானியையும் மண்டை காயவைக்கும் தலைகீழ் முடிவு. ஒளி தோரியத்திலிருந்து வரவில்லை, அதில் ஒட்டியிருந்த அழுக்கிலிருந்து வந்திருக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அந்த அழுக்கின் பெயர் சீரியம். இருக்க வேண்டிய அளவையும் பொறுமையாகத் தேடினார். 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம். தோரியம் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வீணாக்காமல் பிடித்து வைத்துக்கொண்டது. சீரியம் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியும் வெள்ளை ஒளியாக வெளியே விட்டது. 1891-ல் வியன்னாவின் ஆப்பரா காபிக்கடை வாசலில் அந்த விளக்கு எரிந்தபோது, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெற்றிதான். ஆனால் வெற்றியே புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கான கூடுகளுக்குத் தோரியத்துக்கு எங்கே போவது?

முதலில் நார்வேயின் கற்களைத் தேடி ஓடினார்கள். விலை தாறுமாறாக ஏறியது. பிறகு அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களின் ஆற்றுமணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் அகப்பட்டது. அதன்பின் வந்தது பிரேசில். பாயியா மாநிலக் கடற்கரையின் மோனசைட் மணலை ஜான் கார்டன் என்பவர் கப்பல் கப்பலாக ஏற்றினார். கப்பலின் நிலை தடுமாறாமல் இருக்க அடியில் போடும் வெறும் மணல் என்று சொல்லியே ஏற்றியதாகப் பேச்சு உண்டு. ஹாம்பர்க்கில் இறங்கிய அந்த மணல் ஜெர்மன் கம்பெனிகளை உலகத்தின் விளக்கு முதலாளிகளாக்கியது. மணலையும் விலையையும் தங்கள் கூட்டுக்குள் இறுக்கிப் பூட்டினார்கள். அந்தப் பூட்டுக்கு வேறொரு கடற்கரையில் சாவி கிடந்தது. அது கிடைப்பதற்குள், தோரியம் தன் இன்னொரு முகத்தைக் காட்டிவிட்டது.

1898-ல் ஜெர்மனியில் ஷ்மிட்டும் பாரிஸில் மேரி கியூரியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, யுரேனியத்தைப் போலத் தோரியமும் ஓயாமல் கதிர்களை வீசுகிறது என்று கண்டார்கள். கனடாவின் மான்ட்ரியலில் ராபர்ட் ஓவன்ஸ் என்ற பேராசிரியர் அந்தக் கதிரை அளக்க உட்கார்ந்தார். அளவு நிற்கவே இல்லை, ஏறி இறங்கியது. காரணத்தைத் தேடித் தேடிப் பார்த்தால், ஆய்வகத்தின் கதவு! கதவு திறந்து காற்று வீசினால் அளவு குறைந்தது, மூடினால் கூடியது. கதிர் வீசும் பொருளைக் காற்று எப்படி அடித்துப் போகும்? அதே கல்லூரியின் எர்னஸ்ட் ரூதர்போர்டு விடை கண்டார். தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிகிறது. அந்த வாயுவும் கதிர் வீசுகிறது. ஒரு நிமிடத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ரூதர்போர்டும் பிரெடரிக் சாடியும் 1902-ல் அடுத்த படி ஏறினார்கள். ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது என்றார்கள். ரசவாதிகள் ஆயிரம் ஆண்டுகள் கனவு கண்டது, விளக்குக்குப் போன அந்தப் பொருளுக்குள் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. மாறும்போது வெப்பமும் வெளியானது. எரிக்காமலே, எதையும் ஊற்றாமலே வெப்பம்.

இது ஒரு பெரிய வழக்கையே திருப்பிப் போட்டது. பூமி சூடான உருண்டையாகத் தொடங்கி ஆறிக்கொண்டு வருகிறது, அந்தக் கணக்குப்படி அதன் வயது சில கோடி ஆண்டுகள்தான் என்று கெல்வின் பிரபு அடித்துச் சொல்லியிருந்தார். மலைகளைப் படித்தவர்கள் இல்லை என்று மன்றாடினார்கள். 1904-ல் லண்டனில், கெல்வினே சபையில் உட்கார்ந்திருக்க, ரூதர்போர்டு எழுந்து பேசினார். பூமிக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது, ஆகவே ஆறிய கணக்கு செல்லாது என்பது அவர் பேச்சின் சாரம். பூமியிலிருந்து இன்றும் வெளிவரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி, உள்ளே சிதைந்துகொண்டிருக்கும் தோரியம், யுரேனியம் போன்றவற்றின் வெப்பம்தான். இத்தனையும் தெரிந்த பிறகும், அந்த அடுப்பின் விறகு ஒரு தென்னங்கயிற்றில் ஒட்டியிருப்பது தெரியாமல்தான் இருந்தது.

1909. சி. டபிள்யூ. ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியல்காரர், திருவிதாங்கூரிலிருந்து வந்திறங்கிய சுத்தம் செய்யாத கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். பிரேசில் மணலைப் பார்த்துப் பழகிய நாட்டுக்காரர் அல்லவா, மஞ்சளாக மினுங்கிய துகளை அவர் ஊதித் தள்ளவில்லை. அது மோனசைட். கயிறு வந்த வழியிலேயே திரும்பிப் போய்க் கரையைத் தேடினார். தேடல் மணவாளக்குறிச்சியில் போய் முடிந்தது. மண்டைக்காட்டு பகவதி கோயில் நிற்கும் அதே கடற்கரையில், சின்னவிளை, பெரியவிளை மீனவர் வலை இழுத்த அதே மணலில், பிரேசில் சரக்கைவிடக் கூடுதலாகத் தோரியம் இருந்தது. பிரேசில் மோனசைட்டில் 5, 6 சதவீதம் என்றால், இங்கே 8, 9 சதவீதம். ஜெர்மனிக் கூட்டின் பூட்டு ஆட்டம் கண்டது.

1910-ல் மணவாளக்குறிச்சியில் முதல் மணல் ஆலை எழுந்தது. வேலை கேட்க எளிது, செய்யக் கடினம். கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைட். கூடவே செந்நிறக் கார்னெட், கண்ணாடிபோன்ற சிர்கான், ரூட்டைல், சிலிமனைட். இவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு பங்குதான் மோனசைட். நீரோடு ஓடவிட்டு எடை குறைந்ததைக் கழிக்க வேண்டும், காயவைக்க வேண்டும், பிறகு காந்தத்தின் கீழ் அனுப்ப வேண்டும். இல்மனைட் சாதாரணக் காந்தத்துக்கே பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். மோனசைட்டுக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை. காந்தத்தின் வலுவை ஏற்றினால்தான் மெல்ல அசைந்து வரும். சிர்கான் எதற்கும் அசையாது. இந்தக் குணபேதத்தை வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். மஞ்சள் மணல் மூட்டையாகிக் கப்பலேறியது. மற்றதெல்லாம் ஓரத்தில் குவிந்தது. கேரளத்துச் சவறையிலும் ஷோம்பர்க் ஓர் ஆலை வைத்தார். தொழில் சூடுபிடித்த நேரத்தில் சரஜீவோவில் துப்பாக்கி வெடித்தது.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டதும், பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்த மண்ணில் ஜெர்மன்காரர் ஒருவர் ஆலை நடத்துவது அபாயமாகத் தெரிந்தது. உளவாளி என்று ஷோம்பர்க்கைக் கைது செய்தார்கள். ஆலைகள் நின்றன, பிறகு லண்டன் கம்பெனியின் கைக்குப் போயின. விளக்குக்காக ஜெர்மனியிடம் கையேந்தி நின்ற பிரிட்டனுக்கு, ஒரு கைதின் மூலம் திருவிதாங்கூர் மணல் முழுதாகக் கிடைத்தது. ஆனால் கிடைத்த நேரம் சரியில்லை. போர் முடிந்தபோது நகரங்களில் மின்கம்பிகள் இழுத்தாகிவிட்டது. வாயு விளக்குகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள். மோனசைட்டுக்குக் கேட்பார் குறைந்தார்கள்.

ஆலையைக் காப்பாற்றியது, இத்தனை காலம் ஓரத்தில் ஒதுக்கிய கறுப்பு இல்மனைட்! அதிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பளீர் வெள்ளை என்று தெரிந்ததும், உலகின் பெயின்ட் கம்பெனிகள் மணவாளக்குறிச்சிக்கு வரிசை கட்டின. 1920-களில் ஏற்றுமதி தொடங்கியது. உலகத்துச் சுவர்கள் வெள்ளையாக, நாஞ்சில் நாட்டுக் கறுப்பு மணல் கப்பலேறியது. மோனசைட்டின் மிச்சத்துக்கும் வழி பிறந்திருந்தது. தோரியம் எடுத்தபின் தேங்கிய சீரியத்தோடு இரும்பைச் சேர்த்து, உரசினால் பொறி பறக்கும் கல்லை வெல்ஸ்பாக் 1903-லேயே செய்திருந்தார். சிகரெட் லைட்டரில் இன்றும் இருக்கும் கல் அதன் வாரிசுதான். நகரம் கைவிட்ட சாம்பல் கூட்டுக்கோ, மின்கம்பி எட்டிப் பார்க்காத கிராமங்களில் மறுபிறவி காத்திருந்தது.

பெர்லினில் எர்ரிஷ் அண்ட் கிரெட்ஸ் என்ற விளக்குக் கம்பெனி. அதன் மாக்ஸ் கிரெட்ஸ், வாயுக் குழாய் இல்லாத இடத்திலும் வெல்ஸ்பாக்கின் கூட்டை எரிக்க வழி தேடினார். மண்ணெண்ணெயை அழுத்தத்தில் ஏற்றி, சூடான குழாயில் ஆவியாக்கி, அந்த ஆவியையே வாயுவாக எரித்துவிட்டால்? முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் விளக்கு தயாரானது. பெட்ரோலியத்தையும் தன் பெயரான மாக்ஸையும் சேர்த்துப் பெயர் வைத்தார்: பெட்ரோமாக்ஸ்.

அந்தச் சாம்பல் கூடுதான் மேன்டில். கல்யாணப் பந்தலில், கொடை விழாவில், விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டில், இரவில் கடலேறிய கட்டுமரத்தில் எரிந்த அதே மேன்டில். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, குழாய் காய்ந்ததும் பம்ப் அடித்தால், புஸ்ஸென்ற இரைச்சலோடு நீலச் சுடர் பிடிக்கும். பட்டுப்போல் மெத்தென்று கட்டிய புது மேன்டில் முதலில் கறுக்கும், அப்புறம் சுருங்கும், பிறகு திடீரென்று வெளுத்துக் கண்ணைப் பறிக்கும். துணி போய்விட்டது, தொங்குவது தோரியச் சாம்பல். 1984-ல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் கைவைத்ததும் பொடியாகிக் கவுண்டமணியைக் கொதிக்க வைத்ததும் அதுதான். தமிழ்நாடே சிரித்த அந்தப் பொடிக்குப் பின்னால் வியன்னாவில் மூடிய ஒரு தொழிற்சாலை இருந்தது. நாஞ்சில் நாட்டுக் கரையின் மணலும் இருந்தது.

இதில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேன்டில் எரிந்தபோது தந்த ஒளி தோரியத்தின் சொந்த ஆற்றல் அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் வெயிலைத் தின்று சேர்த்த ஆற்றல் மண்ணெண்ணெயில் வேதியாற்றலாக ஒடுங்கியிருந்தது. அது எரிந்து வெப்பமானது. வெப்பத்தை மேன்டில் ஒளியாக மாற்றியது. அவ்வளவுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசி முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் காற்றும் வெயில் கிளப்பிவிட்டது. கோதையாறு மின்நிலையத்தில் விழும் தண்ணீரும் வெயில் ஆவியாக்கி மேலே ஏற்றிய தண்ணீர். பறக்கை வயலின் நெல்லும் அந்த நெல்லைத் தின்று பம்ப் அடித்த கையின் பலமும் வெயில்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் சூரியனுக்குக் கடன்படாமல் பெரும் ஆற்றல் ஒளிந்திருந்த இடம், அந்த மஞ்சள் துகள் ஒன்றுதான். பெட்ரோமாக்ஸ் அதைச் சூடாக்கியதே தவிர, திறக்கவில்லை.

திறக்கும் வழி 1940-களில் தெரிந்தது. அமெரிக்காவில் கிளென் சீபோர்க்கின் குழு, தோரிய அணுவை நியூட்ரானால் தாக்கினால், அது சில படிகள் மாறி யுரேனியம்-233 ஆகிறது, அந்த யுரேனியம் பிளந்து ஆற்றல் தருகிறது என்று நிரூபித்தது. தோரியம் தானாகப் பற்றிக்கொள்ளாது. வேறு அணு எரிபொருள் பக்கத்தில் எரிந்தால் பற்றும். ஆனால் பற்றியபின் கிடைக்கும் கணக்கு திகைக்க வைத்தது. ஒரு மேன்டிலில் கால் கிராம் தோரியம் என்று வைத்துக்கொண்டால், அதை முழுதாக யுரேனியமாக்கிப் பிளக்க முடிந்தால் வரும் வெப்பம், 500 லிட்டருக்கு மேல் மண்ணெண்ணெயை எரித்தால் வரும் வெப்பம். வல்லரசுகளின் பார்வை உடனே வரைபடத்தின் தென்கோடிக்கு ஓடியது. அங்கே ஒரு திவான் உட்கார்ந்திருந்தார்.

சர் சி. பி. ராமசாமி ஐயருக்குத் தன் கையில் இருக்கும் மணலின் மதிப்பு நன்றாகத் தெரியும். 1947 ஜூன் 11 அன்று, இந்தியாவில் சேராமல் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று அறிவித்தார். பிரிட்டனுடன் மோனசைட் ஏற்றுமதி ஒப்பந்தம் பேசி முடித்திருந்ததும் அந்தத் துணிச்சலின் பின்னணியில் இருந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து கிளம்பியபோது அவர் வெட்டுப்பட்டார். உயிர் பிழைத்தார். சில நாட்களில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். மணலும் சேர்ந்தது.

அதன்பின் நேரு அரசு அந்த மணலை விட்டுக்கொடுக்கவே இல்லை. 1950 ஆகஸ்டில் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1951-ல் பஞ்சத்துக்குக் கோதுமை கேட்டபோது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் பதிலுக்கு மோனசைட் கேட்டார்கள்; நேரு இசையவில்லை. பட்டினி வாசலில் நிற்கும்போது எடுத்த அந்த முடிவின் பாரத்தை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் மோனசைட் ஆலையை அவரே திறந்து வைத்தார். 1954-ல் அணு விஞ்ஞானி ஹோமி பாபா மூன்று கட்ட அணுமின் திட்டத்தை முன்வைத்தார். முதலில் யுரேனிய உலைகள்; அதில் கிடைக்கும் புளுட்டோனியத்தை வைத்து வேக ஈனுலைகள்; அவை மூட்டிவிட, கடைசியில் தோரியம். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலை இந்தியன் ரேர் எர்த்ஸ் வசம் வந்தது. ஊர் வாயில் அது மணல் ஆலையாகவே நிலைத்தது. மேன்டில் செய்பவர்களுக்குத் தோரியம் நைட்ரேட் தந்ததும் இந்த நிறுவனம்தான்.

பாபா வரைந்த மூன்றாம் கட்டம் மட்டும் தள்ளித் தள்ளிப் போனது. 1996-ல் கல்பாக்கத்தில் காமினி என்ற சிற்றுலை இயங்கத் தொடங்கியது. எரிபொருள், தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233. திறன் 30 கிலோவாட். அதுவும் ஆராய்ச்சிக்கு மட்டும். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுந்த கூடங்குளம் யுரேனியத்தில் ஓடுகிறது. இந்தியாவில் ஒரு கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தும், அதன் தோரியத்தையே நம்பி ஓடும் மின்நிலையம் வந்தபாடில்லை. காத்திருப்பதில் தோரியத்துக்கு நஷ்டமும் இல்லை. அது பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

இந்த ஆற்றல் முதலில் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் துப்பு கிடைத்தது அண்மையில்தான். 2017 ஆகஸ்ட் 17 அன்று, செத்துச் சுருங்கிய இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்ட அதிர்வைக் கருவிகள் பிடித்தன. தொடர்ந்து வந்த ஒளியில், மிகக் கனமான தனிமங்கள் அப்போதே உருவாகிச் சிதறியதன் தடயம் தெரிந்தது. தோரியம் போன்றவை பிறக்கும் உலைகளில் அது ஒன்று. சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியம் அதற்கும் முன்பே, சூரியனே இல்லாத காலத்தில், அழிந்த நட்சத்திரங்களின் ஈர்ப்பு விசை அணுக்கருவுக்குள் அடைத்து வைத்த ஆற்றல்.

அந்த மணலின் மேலேதான் ஊர்கள் இருக்கின்றன. உலகிலேயே இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக உள்ள கரைகளில் இதுவும் ஒன்று. இதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில், ஏறத்தாழ 70,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை. அதே அகலத்தில், அதே பொறுமையோடு குமரிக் கரையின் ஒவ்வொரு ஊரையும் ஆராய்ந்து, முடிவை அந்த ஊர்களிலேயே தமிழில் படித்துக் காட்டியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மணலை அள்ளினால் கரையை அலை தின்னும் என்ற மீனவரின் அச்சமும் புற்றுநோய்க் கணக்கோடு தீர்ந்துபோவதல்ல. கிள்ளியூர் தாலுகாவில் மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடு உள்ளிட்ட ஊர்களில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்க இந்தியன் ரேர் எர்த்ஸ் திட்டமிட்டது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் கடலோர மக்களின் எதிர்ப்புக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது.